மரக்காணம் உப்பளமும் உப்பில் வாழும் நுண்ணுயிர்களும்: ஓர் அறிவியல் வரலாறு

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் மரக்காணம் வருகிறது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியில், கழுவெளி ஈரநிலத்துக்கு அருகே, 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. இந்த வட்டாரத்துக்கும் உப்புக்கும் உள்ள உறவு பழையது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலில் இருந்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணர் வருகின்றனர். அந்நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

உப்பு உணவைக் கெடாமல் காப்பது என்பது அனைவரும் அறிந்தது. அந்த உப்பிலேயே வாழும் உயிர்கள் உண்டு என்ற அறிவோ ஏறத்தாழ 180 ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. அதற்கு வித்திட்டவை உப்பளங்களும் மீன் பதனிடும் இடங்களுமே என்பதையும், மரக்காணம் அந்த ஆய்வைத் தொடர ஏற்ற களம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிறத்தின் காரணம்

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு. பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டச் சுண்ட அது 25 விழுக்காட்டை எட்டும்போது உப்பு படிகிறது. அந்தக் கட்டத்தில் நீர் இளஞ்சிவப்பாகவோ செந்நிறமாகவோ மாறுவது உலகெங்கும் உள்ள உப்பளங்களில் காணப்படுவது. பிரான்சின் மோன்பெலியே பகுதி உப்பளங்களில் இதை ஆராய்ந்த ஃபெலிக்ஸ் துனால், நிறத்துக்குக் காரணம் நுண்ணிய பாசி என்று 1838-இல் கண்டார். 1905-இல் அந்தப் பாசி இனத்துக்குத் துனாலியெல்லா என்று அவர் பெயரே சூட்டப்பட்டது.

அடுத்த தடயம் மீனிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் உப்பிட்ட மீன்கள் சிவந்து கெட்டு வணிகருக்கு இழப்பு உண்டானது. 1878-இல் இதை ஆராயச் சென்ற வில்லியம் ஃபார்லோ, மீனைச் சிவக்கவைத்த உயிர் உப்போடு வந்தது என்ற முடிவுக்கு வந்தார். உப்புப் படிகத்துக்குள் சிறைப்பட்ட நீர்த்துளியிலும் இவ்வுயிர்கள் பிழைத்திருக்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எதுவும் வாழாது என நம்பப்பட்ட சாக்கடலிலும் உயிர் உண்டு என்பதை 1936-இல் பெஞ்சமின் வில்கான்ஸ்கி நிறுவினார்.

வாழும் வகை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உப்பை நாடும் உயிர்கள் எப்படி வாழ்கின்றன என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. உப்புநீர் செல்லிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். செறிந்த உப்புநீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் தன்னுள் பொட்டாசியம் குளோரைடை நிறைத்துக்கொண்டு வெளிச்செறிவை ஈடுகட்டுகிறது. அதன் புரதங்களும் அந்த உப்பில்தான் ஒழுங்காக இயங்கும். துனாலியெல்லா இதற்குக் கிளிசராலைப் பயன்படுத்துகிறது. சிவந்த நீரில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதில் நல்ல தண்ணீரைச் சேர்த்தால், ஹாலோபாக்டீரியத்தின் குச்சி வடிவச் செல்கள் உருண்டையாகி வெடித்து மறைவதைக் காணலாம். நமக்குக் கொடிய சூழல் அவற்றுக்கு இன்றியமையாத சூழல்.

1971-இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கேனியஸும் ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் ஒளியை ஏற்கும் பாக்டீரியோரொடாப்சின் புரதத்தைக் கண்டறிந்தனர். 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இன்று ஆர்க்கியா எனப்படும் தனி உயிர்க்கிளையை முன்வைத்தனர். உப்பை நாடும் ஹாலோபாக்டீரியமும் பெயரளவில் மட்டுமே பாக்டீரியா, உண்மையில் அந்தக் கிளையைச் சேர்ந்தது என்பது விரைவில் தெளிவாயிற்று.

தமிழ்நாட்டு உப்பளங்கள்

தமிழ்நாட்டு உப்பளங்களின் நுண்ணுயிர்ப் பன்மை பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2009-இல் வெளிவந்தது. கோவா, தமிழ்நாடு உப்பளங்களிலிருந்து பிரித்தெடுத்த ஏழு ஆர்க்கியா வகைகள், மட்கும் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான பாலிமரைத் தம்முள் சேமிக்கின்றன என்று கோவா ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர். கரும்புச் சக்கையைக் கொண்டும் அவ்வகைப் பாலிமரை உருவாக்க முடியும் என்பது 2017-இல் வெளியானது. ஒருபுறம் கரும்பு வயல்கள், மறுபுறம் உப்பளங்கள் என அமைந்த விழுப்புரம் மாவட்டத்துக்கு இது நேரடிப் பொருளுள்ள செய்தி.

உப்பு விளைச்சலுக்கும் இவ்வுயிர்கள் துணைநிற்கின்றன. அவற்றின் செந்நிறமி வெயிலை ஏற்று நீரைச் சூடாக்குவதால் ஆவியாதல் விரைவாகிறது.

முடிவுரை

2021-இல் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் உயிர்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் தெரியாத உயிர்களுக்கும் வேண்டும். கடல்நீர் முதல் செறிந்த உப்புநீர் வரை எல்லாச் செறிவும் அடுத்தடுத்த பாத்திகளில் கிடைக்கும் மரக்காணம் ஓர் இயற்கை ஆய்வுக்கூடம். திண்டிவனம், விழுப்புரம் அரசுக் கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் உப்பு வாரும் தொழிலாளர்களுடன் சேர்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் பாத்தி நீரின் செறிவு, நிறம், உயிர்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யவேண்டும். நீரின் நிறமாற்றத்தை நாள்தோறும் பார்த்து அறிந்தவர்கள் அத்தொழிலாளர்கள். அவர்களின் அனுபவ அறிவும் அந்தப் பதிவேட்டில் அவர்கள் பெயரோடு இடம்பெற வேண்டும்.