மலையகம்: தேயிலைக்கு அப்பால் அறிய வேண்டியவை

இலங்கை என்றதும் உலகத்தாரின் நினைவுக்கு முதலில் வருவது தேயிலையாகும். ஆயினும் அத்தேயிலை விளையும் மண்ணையும் அதனைப் பறிக்கும் மக்களையும் பற்றி இந்நாட்டவராகிய நாமே அறிந்திருப்பது சொற்பம். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளைச் சார்ந்த சில தகவல்களை வாசகர்களுக்கு இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

நதிகளின் தாயகம்

இலங்கையின் மிக உயரமான மலையாகிய பீதுருதாலகால (2,524 மீற்றர்) நுவரெலியா நகரை அண்டியே எழுந்து நிற்கின்றது. நாட்டின் மிக நீளமான நதியாகிய மகாவலி மத்திய மலைநாட்டிலேயே ஊற்றெடுக்கின்றது. மஸ்கெலியா ஓயாவும் கெஹல்கமு ஓயாவும் இணைந்து களனி கங்கையாகின்றன. அந்நீரே லக்ஷபான மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டுக் கொழும்பு மக்களின் தாகத்தையும் தீர்க்கின்றது. தலைநகரில் நீர்க்குழாயைத் திறப்பவர் அருந்துவது பெரும்பாலும் மலையகத்து மழையையே எனலாம்.

ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை வனம் ஆகிய மூன்றும் 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மலைநாட்டுத் தேவாங்கு 2009இல் முதன்முறையாகப் படம் பிடிக்கப்பட்டதும் இம்மலைக்காடுகளிலேயாகும்.

ஒரு மலை, பல பெயர்கள்

மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று ஏறும் 2,243 மீற்றர் உயர மலையைச் சைவர்கள் சிவனொளிபாதமலை என்பர். பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். 1344இல் இலங்கை வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இம்மலையைத் தரிசிக்க விரும்பியபோது, அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பியவர் தமிழ் மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி. ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகிகள் நால்வரும் பிராமணர் மூவரும் அவருடன் சென்றனர் என்பது அவரது பயண நூல் கூறும் செய்தி. ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகிகள் வழிகாட்டிய அந்த நிகழ்வு, இன்றைய தமிழ், முஸ்லிம் வாசகர்கள் இருசாராரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு

இம்மலைச்சாரல்களில் ஆங்கிலேயர் முதலில் பயிரிட்டது கோப்பியே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றருக்கு மேல் விளைவது மலைநாட்டுத் தேயிலை எனப்படும். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதே அதன் மணத்துக்குக் காரணமாகும். ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலைப் பகுதிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களின் வரண்ட காற்றில் பறிக்கப்படும் கொழுந்தே சிறந்த சுவையுடையது என்பர்.

தோட்டத்தின் மொழியும் கலையும்

1820களில் தொடங்கித் தமிழகத்தின் திருச்சி, சேலம், புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் மூலம் அழைத்து வரப்பட்டோரே இத்தோட்டங்களை உருவாக்கினர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை அவர்கள் நடந்த பாதையில் பலர் நோயாலும் பசியாலும் மாண்டனர். 2023இல் இருநூறாண்டு நினைவாக அதே தடத்தில் நடைபவனி ஒன்று இடம்பெற்றது.

இம்மக்களின் பேச்சில் அவர்களது வாழ்க்கையே பதிந்துள்ளது. காலையில் வேலை பிரிக்கும் இடம் பிரட்டுக்களம். குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. ஒரு நாள் வேலை என்பது ஒரு 'பேர்'. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிடின் அது 'அரைப்பேர்' ஆகி, சம்பளமும் பாதியாகும்.

மாசி அமாவாசையின் பின் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் காட்சியில் உச்சமடையும். தப்பு முழங்க, ஊரே பார்வையாளராகவும் நடிகராகவும் மாறும் கலை அது. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியனவும் தோட்டங்களில் ஆடப்படும் கூத்துகளாகும்.

உரிமையின் கதை

1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவ்வாறு பங்கிடும் முன் அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோருக்கான தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தது.

குடியுரிமை கிடைத்தாயிற்று, குடியிருக்கும் நிலம் இன்னும் பலருக்குச் சொந்தமாகவில்லை. 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்த நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின்னரே கிட்டியது. ஏழு பேர்ச்சஸ் காணியும் இந்திய உதவி வீடுகளும் சிலரை எட்டியுள்ளன; ஏனையோர் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்து பல உயிர்களைக் காவுகொண்டன. பாதுகாப்பான காணி என்பது வெறும் சொத்துரிமை அன்று, உயிர்க்காப்பு என்பதை அப்பேரிடர் உணர்த்திற்று.

நீரையும் மின்சாரத்தையும் அந்நியச் செலாவணியையும் நாட்டுக்கு வழங்கும் மலை, தன் மக்களுக்கு ஒரு துண்டு நிலத்தை வழங்க இயலாதிருப்பது நியாயமாகாது. அடுத்த முறை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது அதன் நிறத்தையும் மணத்தையும் மட்டுமன்றி, அக்கொழுந்தைக் கிள்ளிய விரல்களையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.