அளவீடும் கற்பித்தலும்: ஔந்த் முதல் சென்னை வரை ஒரு வரலாறு

புணே நகரின் வடமேற்கே முளா ஆற்றையொட்டி அமைந்த ஔந்த் பகுதியில் உள்ள மாவட்ட மருத்துவமனை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழங்கும் அரசு மருத்துவமனைகளுள் ஒன்றாகும். கூடுதல் உதவி தேவைப்படும் மாணவர், தமக்குரிய சலுகையைப் பெறுவதற்கு முன் மருத்துவராலோ உளவியலாளராலோ அளவிடப்பட வேண்டும் என்னும் இன்றைய நடைமுறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் சில முக்கியமான கட்டங்கள் மராத்தி, கன்னடம் பேசும் பகுதிகளிலும் சென்னையிலும் நிகழ்ந்துள்ளன.

வழக்கமான வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிவது பற்றி ஆராயப் பிரான்சு அரசு 1904-இல் ஒரு குழுவை அமைத்ததை அடுத்து, ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சீமோனும் 1905-இல் முதல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டனர். அறிவுத்திறன் பயிற்சியால் வளரக்கூடியது என்பதில் பினே உறுதியாக இருந்தார். அவருக்குச் சோதனை என்பது உதவிக்கு முந்தைய படி மட்டுமே. ஆனால் மனவயதை, அதாவது குழந்தையின் விடைகள் எந்த வயதினரின் சராசரித் திறனுக்கு ஒப்பாக உள்ளன என்பதை, உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கிக் கிடைக்கும் ‘நுண்ணறிவு ஈவு’ பரவலான பின், அந்த ஒற்றை எண்ணே குழந்தையைப் பற்றிய முடிவான தீர்ப்பாகப் பல இடங்களில் கொள்ளப்பட்டது.

இச்சோதனையை மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கு ஏற்ப அமைத்தவர், அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தார்வாரில் பணியாற்றிய வி. வி. காமத் ஆவார். 1934-இல் ஆய்விதழிலும் 1940-இல் நூலாகவும் அவர் வெளியிட்ட பணியின் சிறப்பு, ஒரு வினாவை மொழிபெயர்த்தால் போதாது, அது எந்த வயதுக் குழந்தைக்கு இயல்பாக விடை வருவது என்பதை இம்மண்ணின் குழந்தைகளிடமே சோதித்து அறிய வேண்டும் என்னும் நெறியைப் பின்பற்றியதில் உள்ளது. ‘பினே-காமத் சோதனை’ என்ற பெயரில் இந்திய மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் அது தலைமுறைகளாகப் புழங்கி வருகிறது. எனினும், பத்து வயதுக் குழந்தையின் மனவயது ஆறு எனவும் ஈவு அறுபது எனவும் அறிந்த ஆசிரியருக்கு, நாளைக் காலை வகுப்பில் எதைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு அந்த எண்ணில் விடை கிடைப்பதில்லை.

சென்னையில் 1953-இல் பாலவிஹாரும், புணேயில் 1964-இல் காமாயனியும் தொடங்கி, அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பள்ளிகள் பெருகியபோது இக்கேள்வி கூர்மையடைந்தது. அதற்கு விடையாக, பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் சென்னையில் உருவாக்கியதே ‘மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை’ எனப்படும் கருவி. உண்ணுதல், உடுத்துதல், பேச்சைப் புரிந்துகொள்ளுதல், எண், நேரம், பணம், வீட்டு வேலை முதலான 18 துறைகளில், துறைக்கு 20 வீதம் 360 செயல்கள் எளியதிலிருந்து கடினமானதை நோக்கி அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு செயலையும் குழந்தை செய்கிறதா, செய்யவில்லையா என்று மட்டுமே ஆசிரியர் குறிக்கிறார். சட்டையை மாட்டிக்கொள்ளும் குழந்தை பித்தானைப் போட இயலாமல் நின்றால், அந்த வரிசையில் முதலாவதாக வரும் ‘செய்யவில்லை’ என்ற குறிப்பே அடுத்த பாடமாகிறது. சில மாதங்களுக்குப் பின் அதே பட்டியலை மீண்டும் நிரப்பும்போது, குழந்தை பிறரோடு ஒப்பிடப்படாமல் தன் முந்தைய நிலையோடு ஒப்பிடப்படுகிறது.

நுண்ணறிவு குறையாதிருந்தும் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ தடுமாறும் மாணவர்களின் நிலை, அதாவது கற்றல் குறைபாடு, பள்ளிகளில் சோம்பல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மகாராட்டிர அரசு 1996 முதல், புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட மாநிலக் கல்வி வாரியத்தின் தேர்வுகளில், இம்மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தரும் உதவியாளர், எழுத்துப்பிழைக்கு விலக்கு, இயற்கணிதத்திற்கும் வடிவியலுக்கும் பதிலாகக் கீழ்வகுப்புக் கணக்கு ஆகியவற்றை அளித்தது. 1995-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்த நிலையில், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே 21 வகைகளுள் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது என்பதை எண்ணினால், இம்மாநிலம் இருபதாண்டு முந்திக்கொண்டது தெளிவாகும். அச்சட்டத்தின்கீழ் 2018-இல் வெளியான வழிகாட்டுதலின்படி எட்டு வயதுக்குப் பின்னரே கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் தரப்பட்டது. 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடும் நடைபெற வேண்டும் என அது கூறியது.

சான்றிதழ் உரிமைக்கு வழி திறக்கிறது. சலுகையைப் பெறத் தகுதியானவர் யார் என்பதை அரசு அறிய அது இன்றியமையாதது. ஆயினும் பத்தாம் வகுப்புத் தேர்வை மட்டும் மனத்தில் கொண்டு சான்றிதழ் பெறப்படுமானால், மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டிய வாசிப்புப் பயிற்சியின் இழப்பை தேர்வில் கிடைக்கும் கூடுதல் நேரம் ஈடுசெய்யாது. மருத்துவமனை அளிக்கும் மதிப்பீட்டு அறிக்கை வகுப்பாசிரியரின் கைக்கு வந்து, மாணவருக்கான பாடத்திட்டமாக மாறி, குறித்த காலத்தில் மீண்டும் சரிபார்க்கப்படும் முறை ஒவ்வொரு பள்ளியிலும் நிலைபெற்றால்தான், பினே தொடங்கிய பணி அவர் கருதிய நோக்கத்தை அடையும்.