மதில் நீங்கிய மதுரை

மதுரையில் கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் என வழங்கும் இடங்களில் இன்று வாசல் எதுவும் இல்லை. கடைவரிசைகளும் பேருந்து நிறுத்தங்களும் உண்டு. வாசலைத் தாங்கிய மதில் மறைந்து 150 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மக்கள் நாவில் மட்டுமே அது நிற்கிறது. நகரின் நடுப்பகுதியைச் சீர்திருத்தப் புகுவோர் எதை அகற்றலாம், எதைத் தொடலாகாது என்னும் வினாவுக்கு அம்மதில் போன வரலாறு ஓரளவு விடை தருகிறது.

மதுரை தன் மதிலை இழந்தது ஒருமுறையன்று. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலப் பழங்கோட்டையை அகற்றி, அதற்கு வெளியே பெருங்கோட்டை ஒன்றை எழுப்பினார். அதன் 72 கொத்தளங்களையும் 72 பாளையக்காரர் காவலில் வைத்தார் என்பது வழிவழிச் செய்தி. பழங்கோட்டையின் கிழக்கு வாயில் மட்டும் எஞ்சியது. இடிக்காமல் விட்டதால் அது ‘விட்டவாசல்’ எனப் பெயர் பெற்றது என்பர். பெயர்க்காரணம் எவ்வாறாயினும், பழைய எல்லைக்கு ஓர் அடையாளம் எஞ்சியது நன்றே.

கும்பினி ஆட்சி நிலைத்தபின் நாயக்கர் கோட்டைக்குப் போர்ப்பயன் இல்லாதொழிந்தது. அகழி நீர் தேங்கி நாறியது, மதிலுக்குள் வீடுகள் நெருங்கின, காய்ச்சல் பரவியது. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதிலை அகற்றத் துணிந்தார். அவர் கண்ட வழி எளியது. மதிலில் ஒரு பகுதியை இடித்து, அகழியின் அப்பகுதியைத் தூர்ப்பவர்க்கு அவ்விடத்திலேயே மனை வழங்கப்பட்டது. மதிலின் கல்லும் மண்ணும் அகழியை நிரப்பின. நெருக்கத்தில் தவித்த குடிகளுக்கு நிலம் கிடைத்தது.

இவ்வாறு பிறந்தவையே வெளி வீதிகளும், அவற்றுக்கும் மாசி வீதிகளுக்கும் இடைப்பட்ட மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். மாரட் நிலத்தை அளந்தவர். பெருமாள் மேஸ்திரி வேலையை முன்னின்று நடத்தியவர். மன்னர் பெயரும் திங்கள் பெயரும் தாங்கிய ஊரில் ஒரு மேஸ்திரியின் பெயர் நாற்றிசை வீதிகளுக்கும் அமைந்தது அரிய சிறப்பு. ஆயினும், இறைவன் பிட்டுக்கு மண் சுமந்ததை ஆவணிதோறும் விழாவெடுத்துக் கொண்டாடும் ஊரில், அகழிக்கு மண் சுமந்த கூலியாட்களுக்கு வீதி அமையவில்லை. பெருமை மேஸ்திரியோடு நின்றுவிட்டது.

பிளாக்பர்ன் திட்டத்தின் உயிர்நாடி அவர் செய்யாமல் விட்டதில்தான் உள்ளது. நகரைக் குறுக்கே கீறிக் கோயிலை நோக்கி நேர்ச்சாலை எதையும் அவர் செலுத்தவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த பழைய ஒழுங்கையே புதிய வீதிகளும் பின்பற்றின. தாமரையின் இதழ்களென வீதிகள் கோயிலைச் சூழ்ந்த நகர் என்று பழந்தமிழ்ப் புலவர் கண்ட மதுரைக்கு மேலும் சில இதழ்கள் விரிந்தன எனலாம். மாசி வீதிகளில் தேர் ஓடும் வழிக்கும் இடையூறு நேரவில்லை.

அலுவலகங்களின் இடப்பெயர்ச்சி இதனினும் மெல்ல நிகழ்ந்தது. 1636இல் திருமலை நாயக்கர் எழுப்பிய மகாலின் பெரும்பகுதி பிற்காலத்தில் அழிந்தது. எஞ்சியதை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் செப்பனிடச் செய்தார். மாவட்ட நீதிமன்றம் அங்கே நெடுங்காலம் இயங்கியது. அரசன் கொலுவிருந்த மண்டபத்தில் வழக்கறிஞர் வாதிடுவதைக் குறையாகக் கருதியோர் இருக்கலாம். ஆயினும், ஆளில்லாத அரண்மனையின் கற்கள் ஊரார் வீடுகளுக்கு அடித்தளமாகிவிடுவது நம் நாட்டு வழக்கம்; பயன்பாட்டில் இருந்தமையே மகாலைக் காத்தது. 1970இல் நீதிமன்றம் வெளியேறியபோது, கட்டடம் கட்டடத்துக்காகவே பேணப்படும் நிலை வந்தது. உரிய காலம் வரை தங்கியதும் உரிய காலத்தில் விலகியதும் ஆகிய இரண்டுமே மகாலுக்கு நன்மையாயின.

நீதிமன்றம் வையையின் வடகரைக்குச் சென்றது. 1971இல் மாநகராட்சியாக உயர்ந்த நகரின் ஆட்சிமனையும் வடகரையில் தல்லாகுளத்தில் அமைந்தது. 1999இல் வெளியூர்ப் பேருந்துகளுக்கு மாட்டுத்தாவணி நிலையமாயிற்று; 2004இல் உயர்நீதிமன்றக் கிளை நகருக்குப் புறத்தே தொடங்கியது. சதுர வீதிகளின் நெரிசல் இவற்றால் ஓரளவே தணிந்தது. மனு எழுதுவோரும் வழக்காடுவோரும் ஆற்றைக் கடந்தனர்; வணிகரும் வழிபடுவோரும் பழைய இடத்திலேயே நிற்கின்றனர்.

மதிலை அகற்றிய கலெக்டருக்கு நன்றியாக ஊரார் நாட்டிய விளக்குத் தூண் மகாலுக்கு அருகே இன்றும் உள்ளது. அப்பகுதிக்கே ‘விளக்குத்தூண்’ என்று பெயர். தீபாவளிக்குத் துணி எடுக்க வருவோர் அப்பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கின்றனர். பிளாக்பர்ன் பெயரைச் சொல்வோர் அரியர்.