குருதியில் தேங்கும் நஞ்சு

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையம் என் ஊர். ஆற்றின் அணைக்கட்டிலிருந்து ராஜவாய்க்கால் பிரிவது அங்கேதான். அதை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்பது எங்கள் பக்கத்துச் சிறுவர்களும் அறிந்த செய்தி. வாய்க்கால் பாசனத்தில் பிழைப்பவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும்: நீர் வரும் வழி மட்டும் இருந்தால் போதாது, வடியும் வழியும் வேண்டும். வடிகால் தூர்ந்த வயலில் உப்புப் பூத்து, நல்ல மண்ணும் களராகிவிடும். மனித உடலும் இதற்கு விலக்கன்று. உடலின் வடிகால் சிறுநீரகம். அது பழுதுற்றால் குருதியில் தேங்குவது எது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

இதில் எனக்கு ஈடுபாடு பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். கால்கள் வீங்கின, உணவைக் கண்டால் குமட்டல், உடலெங்கும் தாங்க முடியாத அரிப்பு. உடற்சூடுதான் இதற்கெல்லாம் மூலம் என்று வீட்டார் எண்ணினோம். எங்கள் தோப்பு இளநீரை நாள்தோறும் இரண்டு மூன்றாக வெட்டிக் கொடுத்தோம். வெட்டிக் கொடுத்தவன் நான். ஒருநாள் விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல், அவர் இதயம் நின்றுவிட்டது. அந்த இளநீரைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

1773-ஆம் ஆண்டில் ரூவெல் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் சிறுநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே யூரியா. 1828-இல் ஜெர்மானியரான வோலர் அதைச் சோதனைச் சாலையிலேயே ஆக்கிக் காட்டினார். இன்று எங்கள் கரும்புத் தோட்டங்களுக்கு மூட்டை மூட்டையாக வரும் யூரியாவும் இதே பொருள்தான்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், 1821-இல், ஜெனீவா நகரில் பிரெவோ, டூமா என்னும் இருவர் விலங்குகளின் சிறுநீரகங்களை அகற்றிப் பார்த்தனர். அவற்றின் குருதியில் யூரியா பெருகியது. யூரியாவைச் சிறுநீரகம் உண்டாக்குவதில்லை, வெளியேற்றவே செய்கிறது என்பது அப்போது விளங்கிற்று. 1827-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் காய்ச்சினால் அது முட்டையின் வெண்கருபோல் திரள்வதையும், இறந்தபின் அவர்களுடைய சிறுநீரகங்கள் சிதைந்திருப்பதையும் இணைத்துக் காட்டினார். 1840-களில் பியோரி என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்நிலைக்கு 'யூரீமியா' என்று பெயரிட்டார். குருதியில் சிறுநீர் என்பது அதன் பொருள். குற்றவாளி யூரியாவே என்று பலர் நம்பினார்கள்.

நஞ்சு எதுவாயினும் அதை வடித்தெடுக்க வேண்டுமே! ஹாலந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், ஜெர்மானியப் படைகளின் ஆக்கிரமிப்புக்கு நடுவே, 1943-இல் ஒரு செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயை மரச் சட்டங்களாலான உருளையில் சுற்றி, உப்புக் கரைசலில் சுழலவிட்டார். நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தபோதும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1945-இல் பதினேழாவது நோயாளியான 67 வயது மூதாட்டி நினைவு மீண்டு பிழைத்தார். நம் நாட்டில் இச்சிகிச்சைக்கு வழிகாட்டியது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960-களின் தொடக்கத்தில் அங்கே குருதிச் சுத்திகரிப்பு தொடங்கிற்று. 1971-இல் இந்தியாவில் முதன்முறையாகச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி கண்டதும் அங்கேதான்.

இயந்திரம் வந்தபின் ஒரு வியப்பு காத்திருந்தது. 1972-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், சுத்திகரிப்புக் கரைசலிலேயே யூரியாவைக் கலந்து, நோயாளிகளின் குருதியில் அதன் அளவு குறையாதபடி செய்தனர். ஆயினும் மற்றக் கழிவுகள் நீங்கியதால், யூரியா மிக அதிகமாகாத வரையில், அவர்கள் பெரிதும் துன்புறவில்லை. யூரியா முற்றிலும் நிரபராதி அன்று. ஆனால் ஒரே குற்றவாளியும் அன்று என்பது இதனால் தெளிவாயிற்று. 2003-இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று, சிறுநீரகம் செயலிழந்தால் தேங்கும் பொருள்கள் தொண்ணூற்றைப் பட்டியலிட்டது. அவற்றுள் சில பெரிய மூலக்கூறுகள். வடிகட்டியின் நுண்துளைகளில் எளிதாக நுழையா. இன்டாக்சில் சல்ஃபேட் போன்றவை, நாம் உண்ணும் புரதத்தைக் குடற்கிருமிகள் சிதைப்பதால் தோன்றி, குருதியிலுள்ள ஆல்புமினைப் பற்றிக்கொண்டு வெளியேற மறுக்கின்றன. வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருந்தும் நோயாளி முழு நலம் பெறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்த இளநீர். அதில் பொட்டாசியம் நிறைந்துள்ளது. நலமுள்ளவனுக்கு அது நன்மையே. மிகுந்ததைச் சிறுநீரகம் தள்ளிவிடும். வடிகால் அடைபட்டவனுக்கோ அது குருதியில் ஏறி, இதயத்தின் தாளத்தைக் குலைத்துவிடும். வலியோ முன்னறிவிப்போ இல்லாமலும் இது நேரலாம். என் பெரியப்பாவின் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் தென்னையடியில் அரிவாளோடு நிற்கும்போதெல்லாம் அந்த நினைவு என்னை விட்டு அகலுவதில்லை. நாங்கள் நஞ்சு கொடுக்கவில்லை, அன்பையே கொடுத்தோம். அறியாமையோடு கலந்த அன்பு அது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. வயிற்றின் உட்சவ்வையே வடிகட்டியாகக் கொள்ளும் சிகிச்சைக்கு வேண்டிய கரைசல் பைகள், 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் நோயாளியின் இல்லத்துக்கே வருகின்றன. எனினும் சிறுநீரகம் பெரும்பகுதி கெடும்வரை ஓசையின்றியே இருக்கும். ஆகவே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறையேனும் சிறுநீரில் புரதத்தையும் குருதியில் கிரியேட்டினின் அளவையும் சோதித்துக்கொள்வது நலம். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரோ வாழைப்பழமோ கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். வடிகாலைத் தூர்வார வேண்டிய காலம், வயல் களரான பிறகன்று, அதற்கு முன்னரே.