இன்சாட்-1ஏ முதல் ஆயுள்சாட் வரை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, பனியன் தொழிலின் வரலாற்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத நம்மில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, ஐந்தே மாதத்தில் முடிந்துபோன ஒரு செயற்கைக்கோளின் கதை.

1982 ஏப்ரல் 10-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து இன்சாட்-1ஏ ஏவப்பட்டது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை மூன்றுக்கும் ஒரே கோள். 7 ஆண்டுகள் உழைக்க வேண்டியது. மேலே போனதும் ஆன்டெனா ஒன்று விரிய மறுத்தது, எப்படியோ சமாளித்தார்கள். ஆனால் சூரியப் பலகைக்கு எதிர்ப்புறம் சமன் செய்ய வைத்திருந்த பாய் கடைசி வரை விரியவே இல்லை. வெயிலின் அழுத்தம் கோளை ஒரு பக்கமாகத் திருப்பும். இவர்கள் சிறு ராக்கெட்டுகளை இயக்கி நிமிர்த்த வேண்டும். இப்படி எரிபொருள் கரைந்துகொண்டே வந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி அது அடியோடு தீர்ந்து, கோள் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு சேலஞ்சர் விண்கலத்தில் போன இன்சாட்-1பி நன்றாக உழைத்தது. நாடெங்கும் டி.வி. பரவியது அதன் புண்ணியம்தான்.

36,000 கி.மீ. உயரத்தில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை, சூரியன் கொடுக்கிறது. ஆனால் சூரியனும் சந்திரனும் இழுக்கிற இழுப்பில் கோள் இடம் நகரும். அதைத் தள்ளிவைக்க எரிபொருள் வேண்டும். எடையில்லாத இடத்தில் திரவம் தொட்டியின் அடியில் நிற்காது. ஆகையால் மிச்சம் எவ்வளவு என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் செலவானதைக் கழித்துக் கழித்து, நம்ம கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுகிற மாதிரி எழுதி வருகிறார்கள். கடைசிச் சொட்டு இருக்கும்போதே கோளை இன்னும் மேலே ஏற்றி ஓரங்கட்டிவிடுவார்கள். கருவிகள் நன்றாக இருந்தாலும் அதே கதிதான்.

நம்ம ஊர்ல பழைய நிட்டிங் மெஷினை யாரும் லேசில் எடைக்குப் போடுவதில்லை. ஊசி மாற்றி, சிலிண்டரைச் சரிபார்த்து ஓட்டுவோம். டீசல் தீர்ந்த ஜெனரேட்டரைத் தூக்கி எறிவோமா? "ஏனுங்க, மேலே போய் ஊத்திட்டு வந்தா என்ன?" என்று தம்பிமார்கள் கேட்பது நியாயந்தான். பழைய கோள்களில் எரிபொருள் நிரப்பும் வாயைத் தரையிலேயே அடைத்து, மேலே போர்வையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுபடி திறப்பார்கள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

1978-லேயே சோவியத்தின் புரோகிரஸ் விண்கலம் சல்யூட்-6 நிலையத்துக்கு எரிபொருள் ஊற்றியது. அது முதலிலேயே அதற்கென்று அமைத்தது. ஆளில்லாமல், ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்கு அமெரிக்கர்கள் ஊற்றிப் பார்த்தது 2007-ல். 2020 பிப்ரவரி 25-ல் எம்.இ.வி-1 என்ற கலம் இன்டெல்சாட்-901 கோளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தானே அதைச் செலுத்த ஆரம்பித்தது. இது எரிபொருள் ஊற்றிய கதை அல்ல, வண்டிக்குப் புது மாடு பூட்டிய கதை.

நம்மவர்கள் இதுவரை ஆயுளை நீட்டியது சிக்கனத்தால். 6 மாதத்துக்கென்று போன மங்கள்யான் 8 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. சந்திரயான்-2 சுற்றுக்கலத்தை ராக்கெட் துல்லியமாகக் கொண்டுபோய் விட்டதால் எரிபொருள் மிச்சமாகி, 1 ஆண்டு ஆயுள் ஏறக்குறைய 7 ஆண்டாயிற்று. இதற்கு நேர்மாறு 2001-ன் ஜிசாட்-1. ராக்கெட் விட்ட இடத்திலிருந்து உரிய இடத்துக்கு ஏற முயன்று, இருந்த எரிபொருளெல்லாம் வழியிலேயே போச்சு.

ஊற்ற வேண்டுமானால் முதலில் இரண்டு கோள்கள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். 2024 டிசம்பர் 30-ல் ஏவிய ஸ்பேடெக்ஸ் அதற்குத்தான். தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு கோள்கள். தேதி இரண்டு முறை தள்ளிப்போய், 2025 ஜனவரி 16-ல் இணைந்தன. பூமியைச் சுற்றுவதோ துப்பாக்கிக் குண்டை மிஞ்சும் வேகம். ஒன்றையொன்று நெருங்கியதோ எறும்பு ஊர்கிற வேகம்! என்னைப் பொறுத்தவரை நிலவில் இறங்கியதற்கு இது குறைந்ததல்ல. ஏப்ரலில் மறுபடியும் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் அனுப்பினார்கள்.

எரிபொருளைக் கைமாற்றிப் பார்க்க ஆர்பிட்எய்ட் என்ற நம் நாட்டு நிறுவனம் ஒரு சிறு கோள் செய்தது. பெயர் ஆயுள்சாட். 2026 ஜனவரி 12-ல் பி.எஸ்.எல்.வி.-சி62 அதைச் சுமந்து கிளம்பியது. முதல் இரண்டு கட்டங்களும் சரியாகவே போயின. மூன்றாம் கட்டத்தில் ராக்கெட் பாதை விலகியது. ஆயுள்சாட் சுற்றுப்பாதையை எட்டவே இல்லை.