தழும்பைத் தேய்த்த காலமும் துளைத்த காலமும்

1905இல் எர்ன்ஸ்ட் க்ரோமயர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர், சுழலும் கருவிகளால் முகத் தழும்பைத் தேய்த்தெடுக்கும் முறையை விவரித்தார். மேலடுக்குகளில் மட்டும் பட்ட காயம் வடுவின்றி ஆறும். ஆழம் போனால் புது வடு விழும். பருத்தழும்பு சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இந்த எல்லையோடு நடந்த போராட்டம்தான்.

1950களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் ஆப்னர் கர்ட்டின் எத்தில் குளோரைடைப் பீய்ச்சித் தோலை உறையவைத்தார். மரத்து விறைத்த முகத்தில் எஃகுக் கம்பி பிரஷைச் சுழலவிட்டார். ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், வாரக்கணக்கில் முகம் சிவந்திருக்கும். அதையும் தாங்கிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். பருத்தழும்பை வெறும் அழகுக் கவலை என்று ஒதுக்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமிலத்தின் கதை இன்னும் பழையது. ஹாம்பர்க்கில் தோல் மருத்துவர் உன்னா 1882இலேயே சாலிசிலிக் அமிலம், பீனால் முதலியவற்றால் தோலை உரிப்பது பற்றி எழுதினார். பருத்தழும்புக்குப் பீனாலை நெடுங்காலம் பயன்படுத்திய ஜார்ஜ் மெக்கீ, 1952இல் தன் அனுபவத்தை வெளியிட்டார். பீனால் ஆழமாக உரிக்கும்; ரத்தத்தில் கலந்தால் இதயத்துடிப்பைக் குலைக்கும், கறுத்த தோலை வெளிறச் செய்துவிடும்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இன்னொரு தொல்லை: காயம் ஆறியும் கருமை தங்கும். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர், 1990களில் முகச் சிகிச்சையில் பரவியபோதும் அந்தக் கருமை விடவில்லை. 2004இல் பாஸ்டனின் மான்ஸ்டீன், ஆண்டர்சன் குழு வேறு வழி காட்டியது. முழுப்பரப்பையும் எரிக்காமல் நுண்புள்ளிகளாகச் சுட்டு, இடையிடையே நல்ல தோலை விட்டுவைத்தார்கள். காயம் ஆறுவது அங்கிருந்தே வேகமாகத் தொடங்கியது. கருமை படியும் அபாயம் குறைந்தது, நீங்கிவிடவில்லை.

ஊசி வந்தது தற்செயலாக. கனடாவில் காமிராண்ட், டூசே என்ற இருவர் வெளிறிய அறுவைத் தழும்புகளை மறைக்கத் தோல்நிறத்தில் பச்சை குத்தினார்கள். நாளடைவில் சாயம் போனது, தழும்பு மட்டும் தேறியிருந்தது. சாயமின்றியே குத்திப் பார்த்து 1997இல் எழுதினார்கள். பருத்தழும்புக்கு இன்று உருட்டும் ஊசிக் கருவிகளின் முன்னோடி அதுதான்.

ஒரே முகத்தில் தழும்பு பலவிதம். அலையலையாக அமிழ்ந்த தழும்புக்கு, 1995இல் ஓரென்ட்ரைக் மருத்துவர்கள் விவரித்தபடி, தோலுக்கடியில் ஊசி நுழைத்து இழுத்துப் பிடிக்கும் நார்களை அறுப்பார்கள். ஊசிமுனைக் குழிக்கு லேசர் அவ்வளவாக எட்டாது. கொரிய மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட முறையில், 65 முதல் 100 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் கூர்மையான மரக்குச்சியால் அந்தக் குழிக்குள் மட்டும் அழுத்தி வைக்கிறார்கள். சுற்றியுள்ள தோலில் அமிலம் படுவதில்லை.