குடிலுக்குள் எழுந்த சுவர்

தென்பெண்ணையாற்றின் கரையிலே மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். அரவைக் காலம் வந்துவிட்டால், கரும்பு வெட்டும் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து வயலோரத்திலே தங்குவர். நான்கு கழி, மேலே கரும்புத் தோகை, கீழே வைக்கோல். அதற்குப் பெயர் குடில். அதே மார்கழிக் குளிரிலே, மாதா கோயில்களில் வைக்கோல் பரப்பி, பொம்மை மாடுகளை நிறுத்தி, நடுவே ஒரு குழந்தையைக் கிடத்தி, வண்ண விளக்கேற்றி வைக்கிறார்களே, அதற்கும் பெயர் குடில்! சொல் ஒன்று, மதிப்போ இரண்டு. முன்னதைக் கண்டு முகஞ்சுளிக்கிறவர் பின்னதன் முன்னே மண்டியிடுகிறார். இந்த முரண்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு, தோழர்களே.

கன்னி கருவுற்றாள் என்பதை நம்பும்படி உங்களைக் கேட்கவில்லை. நம்மால் அது ஆகாது. நான்கு நற்செய்தி நூல்களில் மாற்கும் யோவானும் பிறப்புக் கதையைச் சொல்லவே இல்லை. சொன்ன இருவரும் ஒத்துப்போகவில்லை. ஏரோது மன்னன் காலத்தில் பிறந்தார் என்கிறார் மத்தேயு, அவன் கி.மு. 4இல் மாண்டவன் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர் கணிப்பு. குரேனியு ஆளுநனாக இருந்தபோது எடுத்த குடிக்கணக்கின் போது பிறந்தார் என்கிறார் லூக்கா. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசு தரும் குறிப்பின்படி அந்தக் கணக்கு கி.பி. 6இல் நடந்தது. இடையே ஏறக்குறைய பத்தாண்டு! டிசம்பர் 25 என்ற நாளோ எந்த நற்செய்தியிலும் இல்லை. உரோமிலே அந்த நாளில் விழா இருந்ததற்குக் கிடைக்கும் முதற் சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

கதை பொய்யென்று தள்ளிவிட்டுப் போகலாமா? போகலாம், ஆனால் கதை கட்டியவர்கள் எதைக் கட்டினார்கள் என்று பார்த்துவிட்டுப் போவோம். பேரரசன் வரிக்காகத் தலையெண்ணக் கட்டளையிடுகிறான். நிறைமாதக் கருவுற்ற ஏழைப்பெண் ஊர்விட்டு ஊர் போகிறாள். தங்க இடமில்லை. பிள்ளையைப் பெற்று மாட்டுத் தீவனத் தொட்டியிலே கிடத்துகிறாள். செய்தி முதலில் போய்ச் சேருவது அரண்மனைக்கல்ல, ஆலய குருக்களுக்குமல்ல, இரவெல்லாம் விழித்து மந்தை காக்கும் இடையர்களுக்கு. இன்னொரு சிறு குறிப்பு, பலர் கவனிப்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் கோயிலுக்கு ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும் என்பது யூதச் சட்டம்; இயலாத ஏழை இரண்டு புறாவோடு நிறுத்திக்கொள்ளலாம். மரியாளும் யோசேப்பும் கொண்டுபோன காணிக்கையாக லூக்கா காட்டுவது புறா! வறுமைக்கு அவர் வைத்த அத்தாட்சி அது. தாயின் வாயில் அவர் வைத்த பாட்டோ வலியவரின் வீழ்ச்சியையும் பசித்தவரின் வயிற்றையும் பற்றியது. இல்லாதவனுக்கு அந்தக் கதை சொன்னது ஒன்றுதான்: உனக்கு இடமில்லை என்றார்களே, அங்கேதான் தொடக்கம்.

ஏரோது பெத்லகேமிலே குழந்தைகளைக் கொன்று குவித்தான் என்பதற்கு மத்தேயுவைத் தவிர வேறு சான்று கிடையாது; ஏரோதின் கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதிய யோசேப்பசு கூட அதைக் குறிப்பிடவில்லை. ஆனால் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியிலே, கூலி நெல் கூடுதலாகக் கேட்ட குற்றத்துக்காக, ஒரே குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்டார்களே, அதற்குச் சான்று உண்டு. நீதிமன்றப் பதிவே உண்டு. அண்ணா முதலமைச்சராக இருந்த காலம் அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். குழந்தை குடிலிலே பிறந்ததாக உலகம் கொண்டாடிய அதே இரவு, நம் நாட்டுக் குடிசை!

கொட்டிலைக் கோயிலுக்குள் கொண்டுவந்த கதைக்கு வருவோம். 1223இல், இத்தாலியில் கிரெச்சியோ என்னும் ஊரில், அசிசி நகரத்துப் பிரான்சிசு உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் தொட்டி வைத்து விழா எடுத்தார். வறுமையைக் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். வறுமை அலங்காரமானது பிற்கால வேலை.

நம் பக்கத்துக்கு அந்தக் கதையைத் தமிழிலே தந்தவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர்; தேம்பாவணியை இயற்றியவர். 3615 பாடல், தலைவன் யார்? மன்னனல்ல, தச்சன்! முடியரசர் பலர் காவியத் தலைவராக வீற்றிருந்த மொழியில் உளி பிடித்த ஒருவன் அந்த இருக்கையில் அமர்ந்தான். காவியம் முடிந்தது 1726இல் என்பர். அதற்கு இருபதாண்டுகூட ஆகவில்லை. 1745இல் புதுச்சேரி மாதா கோயிலுக்குள்ளே தாழ்த்தப்பட்டவரையும் சாதிக் கிறித்தவரையும் பிரித்த சுவரைப்பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதுகிறார். சுவரை எடுக்கச் சொல்லி முறையிட்டவர்கள் தாழ்த்தப்பட்டவர்கள். எடுத்ததும் சினந்து எழுந்தவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? நெல்லைச் சீமை வடக்கன்குளத்திலோ, 1872இல், கால்சட்டையின் இரு கால்கள் போலக் கோயிலையே இரண்டாகப் பிளந்து கட்டினார்கள். நடுவே பீடம், இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் இன்னொரு சாதி. 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டபோது, உரிமை போயிற்றென்று வழக்காடித் தோற்றார்கள் பிள்ளைமார்.

அப்படியானால் ஏழைகள் ஏன் போனார்கள்? பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம். ஓங்கோலிலே கிளவ் என்ற பாதிரியார் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஒப்பந்தமாக எடுத்து, பட்டினி கிடந்தோருக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். 1878 சூலையில் ஒரே நாளில் 2222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். சோற்றுக்கு மதம் மாறினார்கள் என்று ஏளனம் பேசியவர்கள் உண்டு. பேசியவன் வயிறு நிறைந்திருந்தது! மண்வெட்டி கொடுத்தவன் பக்கம் போகாமல், கிணற்றைத் தொடாதே என்றவன் பக்கமா நிற்பார்கள்? தென்பெண்ணைக் கரையிலேயே, மூங்கில்துறைப்பட்டுக்குக் கீழே திருக்கோவிலூரில், டேனிஷ் மிஷன் மருத்துவமனையும் பள்ளியும் தந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவனுக்குப் பலகையும் எழுதுகோலும் கிடைத்தன. இந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் மருந்தும் எழுத்தும் தந்த மதத்தால் பக்கத்து இருக்கையைத் தர முடியவில்லையே!

அரசு என்ன செய்தது? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவல்லாதவர் பொதுவாகப் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். அந்தத் திருத்தங்களில் கிறித்தவருக்கு இடமில்லை. கோயிலுக்குள் போனால், நீ தாழ்த்தப்பட்டவன், தள்ளி நில் என்கிறார்கள். அலுவலகத்துக்குப் போனால், நீ கிறித்தவன், ஆகவே தாழ்த்தப்பட்டவன் அல்ல என்கிறார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொள்ளுமுன்பே ஊர் அறிந்த செய்தி அது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது எறையூர். பழமையான செபமாலை அன்னை கோயில். வன்னியக் கிறித்தவர் பெரும்பான்மை. தலித் கிறித்தவரின் பிணம் பெருந்தெரு வழியே கோயிலுக்குப் போகக் கூடாது; கல்லறைத் தோட்டமும் வேறு. அவர்கள் தங்களுக்கெனச் சகாய மாதா கோயில் ஒன்றை எழுப்பிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாநோன்பு இருந்தார்கள். மார்ச் 9ஆம் நாள் கலவரம் மூண்டது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியர் இருவர் மாண்டனர்.

தனிப் பங்கு தந்தால் சாதிக்கொரு கோயில் என்றாகிவிடுமே என்று வாதிடுவோர் உண்டு. நல்ல வாதந்தான். ஆனால் அந்த ஒற்றுமையை யாரிடம் போய்க் கேட்பது? தெருவை மறித்தவனிடமா, சவப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு முனையில் நின்றவனிடமா?